புள்ளபெத்தா மலைக்கு ஒரு சாட்சி

எனக்கு எழுபத்தைந்து வயது, எழுபத்தாறாகவும் இருக்கலாம். பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் கடைசி மகளின் மகள். அவள் அம்மா கொழும்புக்கு வேலைக்குப் போனபோது கைக்குழந்தையாக என்னிடம் வந்தவள், இப்போது ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் காத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை போனேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை பஸ் கிளம்புவதற்குள் வாசித்துவிடுவேன். அவ்வளவு படிப்பு எனக்குப் போதுமாக இருந்தது.

வயதை ஏன் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அடையாள அட்டையில் வருஷம் மட்டும் இருக்கிறது. அதுவும் எழுத வந்த ஐயா என் முகத்தைப் பார்த்துப் போட்ட வருஷம். மாதமும் நாளும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. எனக்கென்று ஒரு மலை இருந்தது.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன் வரும். தேயிலை மலைகளுக்கு ஆபிஸ் புத்தகத்தில் நம்பர்தான். எங்கள் வாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஏழாம் நம்பர் மலையின் பெயர் புள்ளபெத்தா மலை. என் அம்மா அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது தேயிலைக்கு நடுவிலேயே என்னைப் பெற்றார். அதிலிருந்து அந்தப் பெயர். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கங்காணி, “எல்லாரும் புள்ளபெத்தா மலைக்கு!” என்று சத்தம் போடுவார். அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன். துரைக்குக்கூட இந்தத் தோட்டத்தில் அவரால் பெயர் வாங்கிய மலை ஒன்று கிடையாது.

ஒரு நாள் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மலையகத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு விக்கி நடத்துகிறார்களாம். தோட்டம் தோட்டமாக, டிவிசன் டிவிசனாக அதில் பக்கங்கள் உண்டு. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்.

“நம்ம டிவிசனும் இருக்கு அம்மாயி. கோயிலு இருக்கு, பீலி இருக்கு. நம்ம குளிக்கிற பீலிய போட்டோ புடிச்சுல்லாம் போட்டிருக்காங்க.”

“ஏழாம் நம்பர் மலை?”

“இருக்கு. ஏழாம் நம்பர் மலைன்னு மட்டும் இருக்கு.”

“பேரு?”

“பேரு ஒன்னும் போடல.”

முறத்தைக் கீழே வைத்தேன். “எழுது புள்ள,” என்றேன்.

இந்த மலையின் பெயர் புள்ளபெத்தா மலை, இங்கே ஒரு பெண் கொழுந்து பறிக்கும்போது ஒரு பெண்பிள்ளையைப் பெற்றார், அந்தப் பிள்ளை நான் என்று சொன்னேன். பேத்தியின் விரல் நின்றது.

“இதுல ‘நான்’னு எழுதக் கூடாது அம்மாயி.”

“பின்ன? பெத்தது ஒங்க வாத்தியாரையா?”

சிரித்துவிட்டு, ‘அந்தப் பிள்ளை இன்றும் இந்த டிவிசனில் வசிக்கிறார்’ என்று மாற்றினாள். போனை வாங்கி நானே எழுத்துக் கூட்டினேன். வசிக்கிறார். என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எத்தனை பேரிடம் அதைக் காட்டினேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். பேத்தி போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அம்மாயி, நம்ம எழுதினதுக்குக் கீழ வேற ஒரு ஆள் எழுதியிருக்காங்க. ‘கீழ்லயத்துப் பேத்தி’ன்னு பேரு வச்சிருக்காங்க. ஊரு ராகலைன்னு இருக்கு.”

ராகலை என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கீழ் லயத்திலிருந்து ராகலைக்குப் போன குடும்பம் ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்காரி எனக்கு மதினி முறை. ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நாற்பது வருஷமாக நாங்கள் பேசுவதில்லை.

பேத்தி வாசிக்கத் தொடங்கினாள். “‘கீழ் லயத்தைச் சேர்ந்த என் அப்பாயியின் அம்மா அன்றைக்கு அந்த மலையில்...’”

“நிப்பாட்டு.”

“மிச்சத்தையும் கேளுங்க அம்மாயி.”

“மிச்சம் என்ன மிச்சம்? அவ அம்மாவும் அங்க புள்ள பெத்தாளாமா? மலைக்கே அவ அம்மாவாலதான் பேராமா? அழி அத.”

“அழிச்சா காரணம் கேக்கும்.”

“இது என் நெரைன்னு போடு.”

அப்படியே போட்டாள். அது இன்றைக்கும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

நிரை என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். மலைக்குப் போனதும் கங்காணி ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைத் தேயிலையைப் பிரித்து விடுவார். அது அவள் நிரை. அன்று மாலை வரைக்கும் அந்த வரிசையில் துளிர்த்த கொழுந்து அவளுடையது, விட்டுப்போன கொழுந்துக்குத் திட்டு வாங்க வேண்டியவளும் அவள்தான். பக்கத்து நிரையில் எவ்வளவு கொழுந்து நின்றாலும் கை நீட்டக் கூடாது. சோற்றுத் தட்டில் கை வைப்பது போல அது. எனக்கு எட்டு வயதிலேயே அம்மா சொல்லித் தந்த சட்டம் இது ஒன்றுதான். நான் முதலில் இறங்கி எழுதிய பக்கம் என் நிரை என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்?

மதினியோடு சண்டை வந்ததும் நிரையால்தான். என் ஐந்தாவது பிள்ளை அப்போது பால்குடி. நடுவேளையில் புள்ளக் காம்பராவுக்கு ஓடி, அங்கே விட்டிருக்கும் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், இடுப்பை விட்டு இறங்கவில்லை. நான் மலைக்குத் திரும்பியபோது என் நிரையில் மதினி நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் தோளைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். கொழுந்துக் கள்ளி என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “நான் சொல்றதக் கேளு மதினி,” என்றாள். நான் கேட்கவில்லை. அந்த வருஷமே அவள் வீட்டுக்காரர் ராகலைப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவளும் போனாள்.

அதனால் அவள் பேத்தி எழுதியதை நாங்கள் அழித்தோம். மறுநாள் அது திரும்பி வந்திருந்தது. மறுபடியும் அழித்தோம். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை அழித்த அன்று விக்கியை நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால் பக்கத்துக்குப் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, அதில் எழுதியிருந்தார்கள். திட்டவில்லை. ‘அன்புள்ள பயனருக்கு’ என்றுதான் தொடங்கியது. சில நாளைக்கு அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து விதிகளை வாசியுங்கள் என்று இருந்தது.

“சரி வாசி, என்ன பெரிய விதி,” என்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

“எந்தப் பக்கமும் யாருக்கும் சொந்தமில்ல. தொடங்கினவங்களுக்கும் சொந்தமில்ல.”

“அப்ப யாரு வேணும்னாலும் யாரு நெரையிலயும் எறங்கலாமா?”

“ஆமா அம்மாயி. எல்லா நெரையும் எல்லாருக்கும்.”

“வெளங்கிரும்.”

“மத்தவங்க எழுதினத அழிக்கிறதுக்கு முன்னாடி முழுசா வாசிக்கணும். ஏன் அழிக்கிறோம்னு பேச்சுப் பக்கத்துல சொல்லணும். அவங்க நல்ல மனசோடதான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் பேசணும்.”

“ஒங்களுக்கு அவளத் தெரியாதுன்னு எழுது.”

“அதுக்கும் ஒரு விதி இருக்கு. ஆளப் பத்திப் பேசக் கூடாது. எழுதினதப் பத்தி மட்டுந்தான் பேசணும்.”

இந்த விதி எங்கள் பீலியில் இருந்திருந்தால் பாதிப் பெண்கள் ஊமையாகியிருப்பார்கள் என்றேன். பேத்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே தள்ளிக்கொண்டு போனவள், திடீரென்று சிரிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன புள்ள?”

“தன்னைப் பத்தித் தானே சொல்றது மட்டும் ஆதாரமாகாதாம். எழுத்துல ஒன்னும் இல்லன்னா, அத நேர்ல பாத்த ஒரு ஆளு சாட்சி சொல்லணுமாம். வீட்டு ஆளா இருக்கக் கூடாதாம். ரெண்டு வாரத்துல சாட்சி இல்லன்னா அந்த வரிய எடுத்துருவாங்களாம்.”

“எந்த வரிய?”

“நீங்க பொறந்த வரிய.”

பெட்டியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். விக்கிக்காரர்கள் மேல் கோபப்பட முடியவில்லை. சட்டம் சரிதான். நானே நிரையில் நின்றுகொண்டு நானே கொழுந்தை நிறுத்துக் கணக்குச் சொன்னால் எடை எழுதுகிற எந்தக் கண்டாக்கு அதை ஏற்றுக்கொள்வார்? ஆனாலும் அந்த அட்டையில் வெறுமையாகக் கிடக்கிற இடம் அன்றைக்குத்தான் என் கண்ணை உறுத்தியது. மலையும் போய்விட்டால் நான் எங்கே பிறந்தேன் என்பதற்கு என் வாயைத் தவிர ஒன்றுமில்லை.

சாட்சி தேடி லயம் லயமாக நடந்தேன். என்னைவிட மூத்தவர்கள் என்று பார்த்தால் மேல் லயத்தில் ஒரு தாத்தா மட்டும்தான் மிச்சம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்க் கேட்டேன்.

“எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அது புள்ளபெத்தா மலைதான்,” என்றார்.

“பெத்தது யாருங்க? பொறந்தது யாரு?”

“அது தெரியாதும்மா. நான் சின்ன வயசுல பட்டிப்பொல பக்கம்ல இருந்தேன். இங்க வந்தப்ப பேரு இருந்துச்சு, புள்ளயப் பாக்கல.”

திரும்பி வரும் வழியில் அந்த மலையைப் பார்த்தேன். பாதி மலையில் இப்போது கொழுந்தெடுக்க ஆளில்லை, தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது. மலைக்குப் பெயர் நின்றுவிடும், பிள்ளைதான் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். தந்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

“அம்மாயி, ஒன்னு சொன்னா ஏச மாட்டீங்களே?”

“சொல்லு.”

“அந்த ராகலை ஆளு எழுதினத நான் வாசிச்சிட்டேன். முழுசா.”

“அதத்தான் அழிச்சாச்சே.”

“விக்கியில ஒன்னும் அழியாது அம்மாயி. அழிச்சது எல்லாம் பின்னாடி வரலாறுன்னு ஒரு எடத்துல கெடக்கும். யாரு எழுதினா, யாரு அழிச்சா, எல்லாம்.”

“மூனு தடவ அழிச்சோமே, எனக்கு ஏன் முன்னமே சொல்லல?”

“மூனு தடவயும் சொல்ல வந்தேன். மூனு தடவயும் நிப்பாட்டுன்னீங்க.”

டம்ளரைக் கீழே வைத்தேன். “வாசி,” என்றேன். அவள் வாசித்ததை இப்போது எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

‘கீழ் லயத்தைச் சேர்ந்த என் அப்பாயியின் அம்மா அன்றைக்கு அந்த மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். வலி எடுத்த பெண்ணைத் தாங்கிப் பிள்ளையை வாங்கியவர் அவர்தான். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்த என் அப்பாயிக்கு அப்போது ஆறு வயது. பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய ஆண்களிடம் ஓடிப் போய்க் கத்தி வாங்கி வந்தது அவர். அந்தக் கத்தியைத் தேத்தண்ணியில் கழுவித்தான் தொப்புள்கொடியை அறுத்தார்கள். அது மாசி மாதம், காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய மறுநாள். பிள்ளை கருப்பு, தலை நிறைய முடி என்று அப்பாயி சொல்கிறார்.’

வாசித்து முடித்தபின் பேத்தி தலை நிமிரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாடை வந்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு மாதம் கிடைத்துவிட்டது. நாள் கிடைத்துவிட்டது. என் தலையில் முடி இருந்தது என்பதுகூடக் கிடைத்துவிட்டது. இது எதையும் என் அம்மா எனக்குச் சொன்னதில்லை, மதினியிடம் கேட்கவும் எனக்குத் தோன்றியதில்லை. நான் சின்னவளாக இருக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே சாட்சி தானாகத் தேடி வந்து சொல்லியிருக்கிறாள். நான் அதை மூன்று தடவை அழித்திருக்கிறேன், என் நிரை என்று சொல்லி.

இப்படித் தலை குனிந்து எனக்குப் பழக்கமில்லை. ஐந்து பிள்ளைகளின் கல்யாணத்திலும் சம்பந்தி வீட்டாரிடம் ஒரு சொல் இறங்கிப் பேசியதில்லை. அன்றைக்கு, “பேச்சுப் பக்கத்தத் தெற புள்ள,” என்றேன்.

“என்ன எழுதட்டும்?”

“மதினி, நான் முழுசா கேக்காம அழிச்சது தப்பு. நீங்க எழுதினது அத்தனையும் நிக்கட்டும். அப்படி எழுது.”

“இது எல்லாருக்கும் தெரியும் அம்மாயி. யாரும் வாசிக்கலாம்.”

“கள்ளின்னு மலை கேக்கத்தானே கத்தினேன். இதயும் கேக்கட்டும்.”

இரண்டு நாள் பதில் இல்லை. கரன்ட் போய்ப் போய் வந்தது, மழை வேறு. அந்த இரண்டு நாளும் நான் பேத்தியை நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அங்கே மதினி சொல்லச் சொல்ல அவள் பேத்தி எழுதியிருக்கிறாள். வாசிக்கும்போது மதினியின் குரலே கேட்டது.

‘ஏய் மதினி, இன்னும் உசுரோடதான் இருக்கியா? ஒன் வாயி இத்தன வருசமாகியும் ஓயலன்னு என் பேத்தி மூனு தடவ வந்து சொன்னா. நானும் ரெண்டு தடவ திருப்பிப் போடச் சொன்னேன், மூனாந்தடவ பூட்டிட்டாங்க. ஒன்னய மண்ணுல விழாம வாங்குனது எங்க அம்மா கை. அந்தக் கைக்கு ஒரு வரி வேணும்னுதான் எழுதச் சொன்னேன். ஒன் மலை எனக்கு எதுக்கு? அன்னிக்கும் நீ கேக்கல. புள்ளக்கிக் காய்ச்சல்னு சொன்னாங்க. நீ வர நேரமாகும், நெரை பாதியில நின்னா கண்டாக்கு ஏசுவாருன்னுதான் எறங்கினேன். எடுத்த கொழுந்து பூராவும் ஒன் கூடையிலதான் போட்டேன். நீ கூடையத் திரும்பிக்கூட பாக்கல.’

அன்று மாலை கொழுந்து நிறுக்கக் கொண்டுபோகும்போது கூடை கனத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கத்தி அழுத களைப்பில் கனக்கிறது என்று நினைத்தேன்.

நான் பதில் எழுதச் சொன்னேன். அவள் பதில் எழுதினாள். முழங்காலுக்கு என்ன எண்ணெய் போடுகிறாய் என்று கேட்டாள். மகன் பார்க்கிறானா, பல் எத்தனை மிச்சம், ராகலையில் குளிர் எப்படி என்று நான் கேட்டேன். எனக்கு இரண்டே பல், இருந்தாலும் உன்னைக் கடிக்கப் போதும் என்றாள். அப்போது நடுவில் விக்கிக்காரத் தம்பி ஒருவர் வந்து, ‘பெரியவர்களே, மன்னிக்க வேண்டும். இந்தப் பேச்சுப் பக்கம் கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும்’ என்று எழுதினார். அதற்கு மதினி எழுதச் சொன்னது: ‘அந்தக் கட்டுரையே நாங்க ரெண்டு பேருந்தான் தம்பி.’

அந்தத் தம்பி ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பூட்டைத் திறந்தார்கள். நான் பிறந்த வரி நின்றது. சாட்சி என்ற இடத்தில் கீழ் லயத்தில் பிறந்து ராகலையில் வசிக்கும் ஒரு மூதாட்டி, நேரில் கண்டவர் என்று போட்டிருக்கிறார்கள். அவள் அம்மாவின் கைக்கு ஒரு வரி, கத்தி வாங்க ஓடிய ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வரி. அந்த வரிகளை என் வரிக்குக் கீழே வைக்க வேண்டாம், மேலே வை என்று பேத்தியிடம் சொன்னேன். வாங்கிய கை இல்லாமல் பிறந்த பிள்ளை ஏது?

பக்கம் ஒழுங்காகிவிட்டது. ஆனால் ‘இது என் நெரை’ என்று நான் போட்ட காரணம் வரலாற்றில் மூன்று தடவை அப்படியே கிடக்கிறது. அதை எடுக்க முடியாதாம். அதனால்தான் அது எப்படி வந்தது என்று இங்கே முழுவதையும் சொல்லியிருக்கிறேன். மாசியில் கம்பம் ஊன்றிய மறுநாள் மதினி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நுவரெலியாவில் பஸ் மாறி வர வேண்டும், அவள் பேத்தி கூட்டிக்கொண்டு வருவாள். ஏழாம் நம்பர் மலைக்கு இரண்டு பேரும் ஏற முடியாது. கீழே பாதையில் நின்று பார்ப்போம். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

எழுதி முடிச்சிட்டியா கண்ணு? விரல் வலிக்கும். கொஞ்சம் உதறிக்கோ. இப்ப மொதல்ல இருந்து வாசி. மதினி சொன்னத அவ சொன்ன மாதிரியே வாசிக்கணும், மழுப்பக் கூடாது. நடுவுல நான் நிப்பாட்டுன்னு சொன்னாலும் நிப்பாட்டாத.